தெரிந்த சொல்தான் காலை வாரும்

ஒரு குத்தகைப் பத்திரத்தை உயிலாக்கிய பெருமை எனக்கு உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அப்போது நான் மொழிபெயர்ப்புக்குப் புதிது. ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு மட்டும் பழையது. ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து ஜெராக்ஸ் கட்டு ஒன்று வந்தது. 1840களில் கருப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில், ஒரு வீட்டைப் பற்றி எழுதிய ஆங்கிலப் பத்திரம். அந்தக் குடும்பத்துக்காரர்களுக்குத் தமிழில் வேண்டுமாம். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வாங்கிக்கொண்டேன்.

முதல் பக்கத்திலேயே மெசுவேஜ் என்று ஒரு சொல். வாழ்நாளில் பார்த்ததில்லை. பயந்துபோய் அகராதியைப் புரட்டினால், வீடும் அதைச் சேர்ந்த மனையும் கொல்லையும் துணைக் கட்டடங்களும் என்று இருந்தது. அடுத்து ஹெரிடிடமென்ட்ஸ், வாரிசுக்கு இறங்கக்கூடிய சொத்து. மொயிட்டி என்றால் சரிபாதி. ரெலிக்ட் என்றால் இன்னாருடைய விதவை. ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து, இரண்டு அகராதியில் சரிபார்த்து, பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நடுவில் டிமைஸ் என்று ஒரு சொல் வந்தது. அதற்கு எதற்கு அகராதி? இரங்கல் செய்தியில் தினமும் வருகிற சொல்தானே, மரணம். இன்னார் இன்னாருக்கு இந்த வீட்டை டிமைஸ் செய்கிறார் என்று வாக்கியம் போனது. யாரும் யாருக்கும் வீட்டை 'மரணம்' செய்ய முடியாதே என்று ஒரு விநாடி உறுத்தியது உண்மை. அந்தக் காலத்து ஆங்கிலம், இப்படித்தான் சுற்றி வளைப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'இன்னாருடைய காலத்துக்குப் பிறகு மேற்படி வீடு இன்னாரைச் சேர வேண்டியது' என்று எழுதிவிட்டேன். பக்கத்திலேயே 'டு ஃபார்ம் லெட்' என்று இருந்தது. ஃபார்ம் என்றால் பண்ணை. கருப்பர் நகரத்துச் சந்துக்குள் ஒரு பண்ணையையும் உண்டாக்கி அதையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அனுப்பிய மூன்றாம் நாள் அந்த அலுவலகத்துக் குமாஸ்தா போன் செய்தார். ஐம்பது வருடமாகப் பத்திரங்களோடு வாழ்ந்தவர். கோபமெல்லாம் இல்லை, குரலில் சிரிப்புதான் இருந்தது.

"தம்பி, கீழே மாசாமாசம் வாடகை தரணும்னு எழுதியிருக்கே, செத்தவருக்கா தரணும்?"

எனக்குப் பதில் வரவில்லை.

"டிமைஸ்னா குத்தகைக்கு விடறது. ஃபார்ம் லெட்னாலும் அதேதான். குத்தகைப் பத்திரத்தை உயிலாக்கிட்டீங்களே."

போனை வைத்துவிட்டு அதே அகராதியைத் திறந்தேன். டிமைஸ், முதல் பொருள் மரணம். இரண்டாம் பொருள், சட்ட வழக்கு, குத்தகையாகவோ உயில் மூலமாகவோ சொத்துரிமையை மாற்றிக் கொடுத்தல். மேசை மேலேயே கிடந்தது. தெரியாத சொல்லுக்கெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தவன், தெரிந்த சொல்லுக்குப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் நான் செய்த பெரிய தப்புகளை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் இதே ரகம்தான். மெசுவேஜ் மாதிரியான முரட்டுச் சொல் யாரையும் ஏமாற்றாது, அதைப் பார்த்தவுடனே நாம் உஷாராகிவிடுவோம். ஏமாற்றுவது, நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வேறு ஆளாக இருக்கிற சொல்.

டிமைஸின் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். அந்தச் சொல்லுக்கு முதலில் மரணத்தோடு சம்பந்தமே இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்த சட்டச் சொல், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சொத்து போவதைக் குறித்தது. ராஜா செத்தால் ராஜ்யம் அடுத்தவருக்குப் போகிறது, அதையும் 'கிரீடத்தின் டிமைஸ்' என்றார்கள். அங்கே குறித்தது கைமாறுவதைத்தான், சாவை இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் காதில் சாவு ஒட்டிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் டிமைஸ் என்றாலே மரணம் என்று பொதுப் பேச்சில் ஆகிவிட்டது. பத்திரம் எழுதுகிறவர்கள் மட்டும் பழைய பொருளை விடவில்லை. நான் எதை விசித்திரமான பழைய வழக்கு என்று நினைத்துத் தள்ளினேனோ அதுதான் மூத்தது. ஃபார்மும் அப்படியே. முதலில் அது நிர்ணயித்த வாடகை, குத்தகைப் பணம். அப்புறம் குத்தகைக்கு விட்ட நிலம். அப்புறம்தான் மாடும் வைக்கோலும் உள்ள பண்ணை.

நம்மிடம் இது இல்லையா என்ன. சங்கப் பாட்டில் வரும் கிழவன் உரிமையுடையவன், தலைவன், கிழத்தி தலைவி. இன்றைக்கு ஒருவரைக் கிழவன் என்று சொல்லிப் பாருங்கள். நிலக்கிழார் என்ற சொல்லில் மட்டும் அந்தப் பழைய உரிமை ஒளிந்துகொண்டிருக்கிறது.

ஃபார்ம் என்னை விடவில்லை. பின்னால் ஒரு முறை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னைக் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலையில் புகையிலை 'ஃபார்மர்' ஒருவர் வந்தார். இந்த முறை அவரை விவசாயியாக்காமல் தப்பித்தேன். வெற்றிலை, புகையிலை விற்கும் உரிமையைக் கம்பெனி ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அதை எடுத்தவர்தான் அந்த ஃபார்மர். பெரிய பணக்காரர், நாற்றைத் தொட்டே இருக்கமாட்டார். அதே கட்டில் 'ரைட்டர்'களும் இருந்தார்கள். ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னைக்கு வந்து இறங்கியது ரைட்டராகத்தான். எழுத்தாளர் கிளைவ் என்று எழுதினால் எப்படி இருக்கும்! கம்பெனி உத்தியோகத்தில் கடைசிப் படி அது, கணக்கெழுதுகிற இளநிலை எழுத்தர். அதற்கு மேல் படி ஃபாக்டர், அதாவது வணிக முகவர். ஃபாக்டர்கள் இருக்கும் இடம் ஃபாக்டரி. அங்கே எந்திரமும் புகைபோக்கியும் இல்லை. சரக்கை வாங்கிச் சேர்த்துக் கப்பலேற்றும் வணிக நிலையம், அவ்வளவுதான். தொழிற்சாலை என்று எழுதினால் 17ஆம் நூற்றாண்டிலேயே மசூலிப்பட்டினத்தில் ஆலைச் சங்கு ஊதிவிடும்.

அந்த வேலையில் நான் விழுந்த இடம் கேண்டி. இத்தனை கேண்டி சர்க்கரை என்று ஒரு கணக்கு. சர்க்கரையும் கேண்டியும் சேர்ந்து வந்தால் வேறு என்ன தோன்றும்? மிட்டாய், கற்கண்டு என்று ஏதோ எழுதிவைத்தேன். இரண்டு பக்கம் தள்ளி, இத்தனை கேண்டி மிளகு என்று வந்தது. மிளகு மிட்டாய் யாரும் ஏற்றுமதி செய்திருக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அது நம்முடைய கண்டி. நிறுத்தல் அளவை. இருபது மணங்கு ஒரு கண்டி, சென்னைக் கணக்கில் சுமார் 500 ராத்தல். நம் சொல்லே ஆங்கில எழுத்தில் வேஷம் கட்டிக்கொண்டு வந்து என்னை ஏமாற்றியது. இந்த மாதிரி வேஷக்காரர்களுக்கென்றே ஒரு அகராதி இருக்கிறது, 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன். தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சாவூர் அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார், கூட்டாளி யூல்தான் முடித்தார். கனிகோபோலி என்று ஒரு சொல்லைப் பார்த்து நான் கிரேக்க நகரம் ஏதோ என்று நினைத்தேன். ஹாப்சன்-ஜாப்சனில் பார்த்தால், நம்ம கணக்குப்பிள்ளை. தோப்பு அங்கே டோப் ஆகியிருக்கும், சாவடி சௌல்ட்ரி ஆகியிருக்கும். கம்பெனி காலத்துக் காகிதம் எதையாவது தொடுகிறவர்கள் இந்த அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இன்னொரு உதவி நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டு மிஷனரி ஒருவரின் கடிதங்கள் கைக்கு வந்தன. வரிக்கு வரி வேதாகம வாசனை. அவர்கள் படித்து வளர்ந்தது 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு, அதனால் கடிதமும் அந்த நடையிலேயே இருக்கும். ஓர் இடத்தில் பிள்ளைகளை 'சஃபர்' என்று எழுதியிருந்தார். பிள்ளைகளைத் துன்பப்படுத்துங்கள் என்றா ஒரு பாதிரியார் எழுதுவார்? எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் காட்டினேன்.

"இது மாற்கு பத்தாம் அதிகாரம் தம்பி, எங்க தமிழ் பைபிள்ல பாருங்க." எடுத்துக் காட்டினார். சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்.

இடங்கொடுங்கள்! அந்தக் கால சஃபருக்கு அனுமதி, பொறுத்துக்கொள் என்ற பொருள் உண்டு. அன்று மாலை முழுக்க டீச்சர் வீட்டுத் திண்ணையிலேயே போனது. அவர் மடியில் தமிழ் வேதாகமம், என் போனில் கிங் ஜேம்ஸ். ஏரோதியாளின் மகள் யோவான்ஸ்நானன் தலையைக் கேட்கிற இடத்தில், 'பை அண்ட் பை' ஒரு 'சார்ஜரில்' வைத்துத் தர வேண்டும் என்று ஆங்கிலம் சொல்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் பை அண்ட் பை என்றால் போகப் போக, பிறகு மெதுவாக. சார்ஜரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், என் கையிலேயே ஒன்று இருந்தது. டீச்சர் தமிழை வாசித்தார்: இப்பொழுதே, ஒரு தட்டிலே. லேவியராகமத்தில் 'மீட் ஆஃபரிங்' என்று வருவது கறி இல்லை, மெல்லிய மாவு. மீட் அந்தக் காலத்தில் எல்லா உணவுக்கும் பொதுப்பெயர். தமிழில் அழகாகப் போஜனபலி என்று போட்டிருக்கிறார்கள். 'பிரிவென்ட்' என்ற இடத்தில் தமிழில் தடுத்தல் இல்லை, முந்திக்கொள்ளுதல். லத்தீன் வேரைப் பார்த்தாலும் முன்னால் வருதல்தான். பழைய கிங் ஜேம்ஸ் சொல் எதிலாவது சந்தேகம் வந்தால் ஆங்கில அகராதிக்கு முன்னால் அதே வசனத்தைப் பழைய தமிழ் வேதாகமத்தில் பார்த்துவிடுவது அன்றிலிருந்து என் பழக்கம். மதம் எதுவாக இருந்தாலும் நம்மிடம் இருக்கிற ஒரு நல்ல கருவி அது.

கையில் வேதாகமம் இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும், இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' போகவிடவும் என்று. லெட் என்றால் அனுமதி என்று ஆறாம் வகுப்பில் படித்தோம். அனுமதியின்றிப் போகவிடுவது எப்படி? இங்கே லெட் என்றால் தடை. பழைய ஆங்கிலத்தில் அனுமதிக்க ஒரு வினை, தடுக்க ஒரு வினை, வேறு வேறாக இருந்தன. காலப்போக்கில் ஒலி ஒன்றாகிப் போய்விட்டது. தடுக்கிற லெட் செத்துவிட்டது என்று அகராதிகள் சொல்லும், ஆனால் டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசிக்கொண்டு சரியான கட்டத்துக்குள் விழுந்தால் இன்றும் நடுவர் கூப்பிடுவது அதைத்தான்.

தேதி விஷயத்தில் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பழைய அலுவலகக் கடிதங்களில் '10த் இன்ஸ்ட்', '28த் அல்ட்' என்று சுருக்கிப் போட்டிருப்பார்கள். இன்ஸ்டன்ட் என்றால் உடனடி என்று எடுத்துக்கொண்டு, பத்தாம் தேதி அவசரக் கடிதம் என்று நாலு இடத்தில் எழுதியிருந்தேன். இன்ஸ்டன்ட் என்றால் நடப்பு மாதம், அல்டிமோ போன மாதம், பிராக்ஸிமோ வரும் மாதம். மார்ச் 3ஆம் தேதிக் கடிதத்தில் 28த் அல்ட் என்று இருந்தால் அது பிப்ரவரி 28. இது தெரியாமல் பதினேழு கடிதங்களை நான் அடுக்கிய வரிசையில், பதில் முன்னால் வந்து கேள்வி பின்னால் வந்தது. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி அடுக்கினேன். எந்தக் கடிதத்தையும் மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் அதன் தேதியைப் பென்சிலால் மேலே எழுதிவிடுங்கள். சொல்லுக்குப் பொருள் தேடவும் அதே தேதிதான் வேண்டும்.

தேதி எதற்கு என்றால், எந்த அகராதியை எடுப்பது என்று அதுதான் சொல்லும். கையில் இருக்கும் மாணவர் அகராதி இன்று புழங்கும் பொருளைத்தான் முதலில் தரும். அதன் வேலை அது. பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி தலைகீழ், மிகப் பழைய பொருளை முதலில் வைத்துக் கடைசியில் இன்றைக்கு வரும். வெப்ஸ்டர் வழிவந்த மெரியம்-வெப்ஸ்டரும் வரலாற்று வரிசைதான். இது தெரியாமல் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடினால், ஒன்றில் பழைய வாக்கியத்துக்குப் புதுப் பொருள் ஒட்டும், இன்னொன்றில் புது வாக்கியத்துக்குப் பழசு ஒட்டும். பெரிய ஆக்ஸ்ஃபோர்டில் சொல்லுக்கு முன் ஒரு சின்னக் குத்துவாள் குறி இருந்தால் அது வழக்கிறந்தது. ஆர்க்கேயிக், அதாவது பழவழக்கு, என்ற அடைமொழி வேறு. அது இன்னும் செய்யுளிலோ சடங்கிலோ தலைகாட்டும். 18ஆம் நூற்றாண்டுக் காகிதம் என்றால் நான் நேரே 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதிக்குப் போய்விடுவேன், அதுவும் இணையத்தில் இருக்கிறது. எழுதியவர் காலத்து ஆளிடமே பொருள் கேட்பது மாதிரி.

ஜான்சனிடம் ஒரு எச்சரிக்கை. மனுஷர் குறும்புக்காரர். ஓட்ஸ் என்ற சொல்லுக்கு, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் தானியம், ஸ்காட்லாந்தில் மக்கள் உண்பது என்று பொருள் எழுதினார். குதிரைக் காலில் ஒரு பகுதியின் பெயருக்கு முழங்கால் என்று தப்பாக எழுதிவிட்டு, ஏன் என்று ஒரு பெண்மணி கேட்டதற்குச் சுத்த அறியாமைதான் அம்மா என்றாராம். வலைப்பின்னல் என்ற எளிய சொல்லுக்கு அவர் தந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னும் மூன்று சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டும். அகராதியும் மனிதர் செய்ததுதானே. 1934இல் வந்த வெப்ஸ்டர் பெரும்பதிப்பில் டோர்ட் என்று ஒரு சொல், பொருள் அடர்த்தி. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கெழுத்து பெரிய டி அல்லது சின்ன டி என்று ஒருவர் எழுதிய சீட்டை, நடுவில் 'அல்லது' என்பதற்கு இருந்த ஆங்கில 'ஆர்'-ஐயும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939இல்தான் கண்டுபிடித்தார்கள். ஐந்து வருடம் யார் கண்ணிலும் படாமல் அந்தச் சொல் அகராதிக்குள் கௌரவமாகக் குடியிருந்தது. அதனால் ஒரு பொருளை ஒரே இடத்தில் மட்டும் பார்த்தால் நான் நம்புவதில்லை.

அப்புறம் எழுத்து. 1800க்கு முந்தைய அச்சில் எஸ் எழுத்து நீண்டு எஃப் மாதிரியே நிற்கும், அதே நாள் என்பதற்கான சேம் ஃபேம் ஆகிப் புகழ் நாள் என்று தோன்றும். ஸ்கேன் செய்த புத்தகங்களைக் கணினி படித்துத் தரும்போது இந்தக் கூத்து நிறைய நடக்கும், மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். பழைய கையெழுத்தில் 'யீ' என்று தெரிவது பெரும்பாலும் 'தி'தான், அந்த ஒலிக்கு முன்பு தனி எழுத்து இருந்தது, அது ஒய் வடிவத்துக்குள் கரைந்துவிட்டது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தமிழ்ப் புத்தகத்தில் லை, னை எல்லாம் கொம்பு முளைத்து நிற்பதைப் பார்த்து என் மகள் விழித்தாள், அந்த மாதிரிதான்.

போன மாதம் அதே குமாஸ்தா மறுபடி கூப்பிட்டார். இன்னும் ஓய்வு பெறவில்லை. 1790களில் சென்னையில் இறந்த ஓர் ஆங்கிலேயரின் உயில், இந்த முறை நிஜமாகவே உயில். அதில் தன்னுடைய 'நேச்சுரல் டாட்டர்' என்று ஒரு பெண்ணுக்குப் பணம் எழுதிவைத்திருக்கிறார். கை தானாகச் 'சொந்த மகள்' என்று அடித்துவிட்டது. பிறகு நிறுத்தினேன், தெரிந்த சொல்லாயிற்றே. பார்த்தால், அந்தக் காலத்து உயில்களில் அது திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை. அப்படியே எதிர்ப்பக்கம். தமிழில் இதற்குப் புழக்கத்தில் இருக்கிற சொற்கள் எல்லாமே வசவாகத்தான் இருக்கின்றன, அந்த மனிதரோ பாசத்தோடு எழுதியிருக்கிறார். குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"மணவுறவுக்கு வெளியே பிறந்த என் மகள்னு போடுங்க தம்பி, நீளமா இருந்தா என்ன."

நீளம் பரவாயில்லை. இரண்டு சொல்லுக்கு ஐந்து சொல் எழுதினேன், கூலி ஆங்கிலச் சொற்களை எண்ணித்தான் தருவார்கள்.